மேடை இசை இயக்குநர் ஆல்பத் தயாரிப்பாளர் ஆவது எப்படி?

கேள்வி: இடையிசை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். குழுவுக்கான இசைக்கோப்புகளை எழுதும் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடமே இருக்கிறது. அண்மைக் காலமாக மேற்கத்திய பாப் ஆல்பங்களில் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்ற பட்டியல்களை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். மடோனாவின் ஆல்பங்களைப் பார்க்கும்போது ஒரு செய்தி என் கவனத்தை ஈர்த்தது. 1985ஆம் ஆண்டு நடந்த அவருடைய முதல் இசைப் பயணத்துக்கு இசை இயக்குநராக இருந்த பேட்ரிக் லெனார்ட், அடுத்த ஆண்டே 'ட்ரூ ப்ளூ' ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவராகிவிடுகிறார். 2001ஆம் ஆண்டுப் பயணத்தின் இசை இயக்குநரான ஸ்டூவர்ட் பிரைஸ், 2005இல் 'கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்' ஆல்பத்தின் பெரும்பகுதியை மடோனாவுடன் சேர்ந்து தயாரிக்கிறார்.

மேடையில் குழுவை நடத்துவதும், ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து ஒரு பாடலைப் புதிதாக உருவாக்குவதும் வெவ்வேறு திறமைகள் என்றுதான் நான் இதுவரை எண்ணியிருந்தேன். ஏற்கெனவே புகழ்பெற்ற பாடல்களை மேடைக்கு ஏற்றவாறு அமைத்துக் கொடுத்த ஒருவரிடம், இன்னும் பிறக்காத பாடல்களை ஒப்படைக்கும் நம்பிக்கை ஒரு பாடகிக்கு எப்படி வருகிறது? இது எல்லோருக்கும் திறந்திருக்கும் பாதையா, அல்லது இந்த இருவருக்கு மட்டும் வாய்த்ததா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: நான்காம்_காலம்

நண்பருக்கு வணக்கம். நீங்கள் கவனித்தது தற்செயலாக நடந்ததன்று என்பது என் கருத்து. மேடை இசை இயக்குநரின் வேலை என்னவென்று விரிவாகப் பார்த்தால் அதற்கான காரணம் புலப்படும்.

ஆல்பத்தில் ஒரே பாடலுக்குப் பல பத்துத் தடங்கள், அதாவது தனித்தனியே பதிவான ஒலிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேடையிலோ ஆறேழு கலைஞர்கள்தான் இருப்பார்கள். அந்த அடுக்குகளில் எவற்றைக் கையால் வாசிப்பது, எவற்றை விட்டுவிடுவது, எவற்றை முன்பே பதிவு செய்து ஒலிக்க விடுவது என்று முடிவு செய்வதிலிருந்து இசை இயக்குநரின் வேலை தொடங்குகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வரியைப் பலமுறை பாடி அவற்றில் சிறந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். மேடையில் ஆடிக்கொண்டே இரண்டு மணி நேரம் பாட வேண்டியிருப்பதால் சில பாடல்களின் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்க நேரும், அப்படி இறக்கும்போது பாடலின் பொலிவு குன்றாதபடி கருவிகளுக்குரிய பகுதிகளையும் மாற்றி எழுத நேரும். பாடகி உடை மாற்றச் செல்லும் நேரத்தை நிரப்ப இடையிசை வேண்டும், அது நடனக் கலைஞர்களின் அசைவுகளோடும் பொருந்த வேண்டும். ஆல்பத்தில் ஒலி மெல்லத் தேய்ந்து மறையும் பாடல்களுக்கு மேடையில் ஒரு திட்டவட்டமான முடிவு தேவைப்படுகிறது. அந்த முடிவை இயற்றுபவரும் அவரே. கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து வாரக்கணக்கில் ஒத்திகை நடத்துவதும் அவருடைய பொறுப்புதான்.

இவ்வளவையும் செய்து முடிக்கும்போது, அந்தப் பாடகியின் குரலைப் பற்றி வேறு எவருக்கும் தெரியாத பல செய்திகள் அவருக்குத் தெரிந்துவிடுகின்றன. எந்தச் சுரத்தில் குரல் இயல்பாக நிற்கிறது, எந்த இடத்தில் மூச்சு குறைகிறது, களைத்திருக்கும் இரவில் எந்த வரியைத் தவிர்க்க விரும்புகிறார், எந்தத் தாளக்கட்டு வந்தவுடன் உற்சாகம் கொள்கிறார் என்பனவெல்லாம் மாதக்கணக்கில் அருகிலிருந்து கேட்டவருக்கே பிடிபடும். அந்தக் குரலுக்கென்று புதிய பாடல் ஒன்றை அமைக்க இதைவிடச் சிறந்த ஆயத்தம் இருக்க முடியாது.

லெனார்ட் 1970களின் இறுதியில் சிகாகோவில் 'ட்ரில்லியன்' என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். 1984இல் ஜாக்சன் சகோதரர்களின் 'விக்டரி' பயணத்தில் இசைப் பொறுப்பு வகித்தார். அதற்கடுத்து வந்ததுதான் மடோனாவின் 'வர்ஜின்' பயணம். 1985 ஏப்ரல் 10 அன்று சியாட்டிலில் தொடங்கி ஜூன் 11 அன்று நியூயார்க்கில் நிறைவடைந்தது. பயணம் முடிந்த அடுத்த மாதமே, ஜூலை 13 அன்று பிலடெல்பியாவில் நடந்த லைவ் எய்ட் என்ற நிதிதிரட்டும் இசை நிகழ்ச்சியில், இருவரும் சேர்ந்து எழுதிய 'லவ் மேக்ஸ் தி வேர்ல்டு கோ ரவுண்டு' என்ற புதிய பாடலை மடோனா பாடினார். அதுவரை அவருடைய பாடல்களை மேடைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தவர், மேடையிலிருந்து இறங்குவதற்கு முன்பே அவருடன் பாடல் எழுதத் தொடங்கியிருந்தார் என்பதை இது காட்டுகிறது.

உங்கள் கேள்விக்கு முழு விடை தரும் பாடல் 'லிவ் டு டெல்' என்று நான் கருதுகிறேன். லெனார்ட் முதலில் அதை வேறொரு திரைப்படத்துக்கான கருவியிசையாக இயற்றினார். அந்தப் படத்தின் நிறுவனம் அதை ஏற்கவில்லை. மடோனா அதற்கு வரிகள் எழுதி, அப்போதைய தம் கணவர் ஷான் பென் நடித்த 'அட் க்ளோஸ் ரேஞ்ச்' படத்தில் இடம்பெறச் செய்தார். 1986 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது முதலிடம் பெற்றது. அதுவரை பெரும்பாலும் துள்ளலான நடனப் பாடல்களுக்காக அறியப்பட்டிருந்த ஒரு குரலைத் தாழ்ந்த ஸ்தாயியில், அவசரமற்ற நடையில் நிற்க வைத்த பாடல் அது. நடுவில் கருவிகள் எல்லாம் அடங்கி, அடிச்சுரம் மட்டும் நீண்டு ஒலிக்க, பாடல் முடிந்தேவிட்டதோ என்று கேட்பவர் எண்ணும்போது குரல் மீண்டும் எழுகிறது. அப்படி ஓர் இடைவெளியைத் துணிந்து விடுவதற்கு, அந்தக் குரல் தனியே வந்து நின்றாலும் தாங்கும் என்ற உறுதி தயாரிப்பாளரிடம் இருக்க வேண்டும். அந்த உறுதியை லெனார்டுக்குப் பயண மாதங்கள் தந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். மேடையில் டிரம்ஸ் வாசித்த ஜோனதன் மோஃபெட்டும் அவருடன் 'ட்ரூ ப்ளூ' ஒலிப்பதிவுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு 1987ஆம் ஆண்டின் 'ஹூஸ் தட் கேர்ள்' பயணத்துக்கும் லெனார்டே இசை இயக்குநர். 1989இல் வெளிவந்த 'லைக் எ பிரேயர்' ஆல்பத்தின் பெரும்பகுதியிலும் அவர் கை இருக்கிறது. காலையில் அவர் இசையை அமைத்து வைக்க, மடோனா வந்து வரிகளை எழுதி அன்றே பாடிவிடும் வேகத்தில் அந்தப் பாடல்கள் பல உருவாயின என்று அவரே நேர்காணல்களில் கூறியிருக்கிறார். தலைப்புப் பாடலில் ஆண்ட்ரே க்ரவுச்சின் தேவாலயப் பாடகர் குழு சேரும் இடத்தை மட்டுமாவது ஒருமுறை கவனமாகக் கேளுங்கள்; ஓர் ஆர்கன் ஒலியோடு அடங்கியிருக்கும் பாடல், படிப்படியாக ஒரு கூட்டத்தின் பாடலாக வளர்வதில் மேடையறிந்தவரின் கணிப்பு தெளிவாகத் தெரிகிறது.

மறுமொழி 2: சுழல்_தட்டு

முந்தைய விளக்கம் சிறப்பாக இருந்தது. ஸ்டூவர்ட் பிரைஸ் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்; அவருடைய வழி லெனார்டின் வழியிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபட்டது.

பிரைஸ் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் வளர்ந்தவர். பெற்றோர் இருவரும் மேற்கத்தியச் செவ்வியல் பியானோ இசையில் தேர்ந்தவர்கள். இருந்தும் அவர் பெயர் வெளியே தெரிந்தது மின்னணு நடன இசையால்தான். 'லே ரித்ம் டிஜிட்டால்' என்ற புனைபெயரில் 1999இல் 'டார்க்டான்ஸர்' ஆல்பத்தை வெளியிட்டார். வேறொரு புனைபெயரில் பிறருடைய பாடல்களை ரீமிக்ஸ் செய்தார். 2001 ஜூன் மாதம் பார்சிலோனாவில் மடோனாவின் 'ட்ரௌண்டு வேர்ல்டு' பயணம் தொடங்கியபோது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை.

அவ்வளவு இளையவரிடம் அந்தப் பொறுப்பு சென்றதற்குக் காலம் ஒரு காரணம். மடோனாவின் 'ரே ஆஃப் லைட்', 'மியூசிக்' ஆகிய ஆல்பங்களின் பாடல்கள் பெருமளவு கணினிக்குள்ளேயே கட்டப்பட்டவை. அவற்றை மேடையேற்ற வேண்டுமானால் தடங்களைத் தனித்தனியே பிரித்து, துண்டுகளை மீண்டும் கோத்து, உயிருள்ள கலைஞர்களின் வாசிப்போடு இம்மியும் பிசகாமல் ஓடச் செய்பவர் தேவைப்பட்டார். லெனார்டின் தலைமுறைக்குப் பியானோவும் இசைக்கோப்புத் தாளும் எப்படியோ, பிரைஸின் தலைமுறைக்குக் கணினித் திரை அப்படி. ரீமிக்ஸ் கலையில் ஊறியவருக்கு, ஒரு பாடலின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் புதிதாக எழுப்புவது அன்றாட வேலையாகவே இருந்தது. மேடைக்குப் பழைய பாடல்களைப் புதுப்பிப்பதும் அதே வேலைதான்.

அவரும் ஒரே தாவலில் தயாரிப்பாளர் ஆகவில்லை. 2003இல் வந்த 'அமெரிக்கன் லைஃப்' ஆல்பத்தில் 'எக்ஸ்-ஸ்டாடிக் ப்ராசஸ்' என்ற ஒரு பாடலை மடோனாவுடன் சேர்ந்து எழுதினார். 2004இல் 'ரீ-இன்வென்ஷன்' பயணத்தை மீண்டும் இசையளவில் வழிநடத்தினார். அதற்குப் பிறகுதான் 'கன்ஃபெஷன்ஸ்' வந்தது. லண்டனின் மைடா வேல் பகுதியில் இருந்த அவருடைய வீட்டின் மாடியறையில்தான் அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி உருவானது. உலகப் புகழ்பெற்ற ஒரு பாடகி, வாடகைக்கு எந்தப் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தையும் எடுக்க வல்லவர், ஒரு மாடியறைக்கு வந்து பாடினார் என்றால், அது மேடையில் விளைந்த நம்பிக்கைதான். 'ஹங் அப்' பாடலில் வரும் ஆபா குழுவின் இசைத்துணுக்குக்காக அக்குழுவின் பாடலாசிரியர்களான பென்னி ஆண்டர்சனிடமும் பியோர்ன் உல்வேயஸிடமும் மடோனா தனிக் கடிதம் எழுதி அனுமதி பெற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட அனுமதியை அவர்கள் மிக அரிதாகவே தருபவர்கள்.

அந்த ஆல்பத்தில் ஒரு பாடல் முடியும் இடத்தில் அடுத்த பாடல் இடைவெளியின்றித் தொடங்கிவிடுகிறது. அது டிஜே மேடையின் வழக்கம் என்று பலரும் கூறுவார்கள், அது சரிதான். ஆனால் இரண்டு பயணங்களில் பாடலுக்கும் பாடலுக்கும் இடையிலான பாலங்களைக் கட்டிப் பழகியவர் அதைத் தயாரித்தார் என்பதையும் மறக்கலாகாது. பிறகு 2006இல் அதே ஆல்பத்தின் பாடல்களை மேடையேற்றும் பயணத்தையும் அவரே இயக்கினார். பல ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய 'செலிப்ரேஷன்' பயணத்துக்கு மடோனா மீண்டும் அவரையே அழைத்தார். அந்த மேடையில் வழக்கமான இசைக்குழுவே இல்லை. பழைய பாடல்களின் மூல ஒலிப்பதிவுத் தடங்களையே எடுத்துப் புதிதாக அமைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கைலி மினோக்கின் 'அஃப்ரோடைட்டி', கில்லர்ஸ் குழுவின் 'டே அண்டு ஏஜ்', துவா லிபாவின் 'லெவிடேட்டிங்' போன்றவற்றிலும் அவர் தயாரிப்பாளராக இருந்தார்.

மறுமொழி 3: அடித்தளம்

மேலே இருவரும் கூறிய செய்திகளோடு எனக்கு வேறுபாடு இல்லை. அவற்றிலிருந்து கேள்வி கேட்ட நண்பர் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மேடை என்பது கீழ்ப்படி, தயாரிப்பு என்பது மேற்படி என்று எண்ண வேண்டாம்.

எதிர்த்திசையில் நடந்தவர்களும் இருக்கிறார்கள். டெட்ராய்ட்டில் பிறந்த கிரெக் ஃபில்லிங்கேன்ஸ், பதின்வயது முடிவதற்குள் ஸ்டீவி வொண்டரின் குழுவில் சேர்ந்தவர். குவின்சி ஜோன்ஸ் தயாரித்த மைக்கேல் ஜாக்சனின் 'ஆஃப் தி வால்', 'த்ரில்லர்', 'பேட்' ஆகிய மூன்று ஆல்பங்களிலும் கீபோர்டு வாசித்தார். அந்த ஒலிகள் எப்படிப் பிறந்தன என்று உள்ளிருந்து பார்த்தவர் என்பதால், 1987 செப்டம்பரில் டோக்கியோவில் தொடங்கி 1989 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் முடிந்த 'பேட்' உலகப் பயணத்தின் இசை இயக்கம் அவரிடம் வந்தது. இவர் விஷயத்தில் ஒலிப்பதிவுக் கூடமே மேடைக்கான தகுதியைத் தந்தது.

மேடையிலேயே நின்று அதை ஒரு முழுமையான கலையாக வளர்த்தவர் ரிக்கி மைனர். விட்னி ஹூஸ்டனிடம் பேஸ் கிட்டார் வாசிப்பவராகச் சேர்ந்து இசை இயக்குநர் ஆனவர். பிறகு 'அமெரிக்கன் ஐடல்', 'தி டுநைட் ஷோ' ஆகிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் இசையை நடத்தினார். 1991 ஜனவரி 27 அன்று, வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தபோது, டாம்பா நகரில் நடந்த சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில் விட்னி பாடிய அமெரிக்க நாட்டுப்பண் பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பண் வழக்கமாக மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் பாடப்படுவது. பாடகர் மார்வின் கே 1983இல் ஒரு கூடைப்பந்தாட்ட நிகழ்ச்சியில் அதைத் தம் வழியில் நிதானமாகப் பாடியது விட்னிக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த உணர்வைக் கொண்டுவர, பண்ணை நான்கெண்ணிக்கைத் தாளத்துக்கு மாற்றுவதென்று மைனர் முடிவு செய்தார். ஜான் கிளேட்டன் ஃபுளோரிடா ஆர்கெஸ்ட்ராவுக்காக இசைக்கோப்பை எழுதினார். ஒவ்வொரு தாளச் சுற்றிலும் ஓர் எண்ணிக்கை கூடியதால் பாடகிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது, உச்சத்துக்குச் செல்லும் வரியை நீட்டி நிறுத்தவும் முடிந்தது. பெரும் அரங்கின் எதிரொலியில் பிசகு நேரலாம் என்பதால் குரலும் இசையும் முன்பே பதிவு செய்யப்பட்டன, போட்டி நாளன்று அந்தப் பதிவே ஒலித்தது. பிறகு அது தனிப் பாடலாக வெளியிடப்பட்டு விற்பனைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அறிந்த ஒரு பாடலில், ஒரே ஒரு குரலை மனத்தில் வைத்து, தாளத்தையே மாற்றும் முடிவை எடுத்தவரைத் தயாரிப்பாளருக்குக் குறைந்தவர் என்று என்னால் கூற முடியாது. நீங்கள் குழுவுக்காக எழுதும் இசைக்கோப்புகளிலும் இந்தக் கேள்வியையே முதலில் கேளுங்கள்: இந்தப் பாடகருக்கு இந்தப் பாடல் எங்கே இடம் விட வேண்டும்?

கேள்வி கேட்டவர்: இடையிசை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மைனர் பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதியது. இன்றிரவே அந்தப் பதிவை இசைக்கோப்புத் தாளை வைத்துக்கொண்டு கேட்கப் போகிறேன். இன்னும் ஒரு சந்தேகம். மதிப்பில் இரண்டும் நிகர் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், வருமானத்திலும் அப்படித்தானா?

மறுமொழி 4: கணக்கன்

வருமானத்தில் அவை நிகர் இல்லை என்பதைத் தெளிவாகக் கூறிவிடுவது நல்லது. அமெரிக்க நடைமுறையை வைத்து எழுதுகிறேன்.

மேடை இசை இயக்குநருக்கு ஒத்திகைக் காலத்துக்கும் பயணக் காலத்துக்கும் பெரும்பாலும் வாரச் சம்பளம் தரப்படும். பெரிய பயணங்களில் அது நல்ல தொகையாகவே இருக்கும். ஆனால் பயணம் முடிந்த வாரத்தோடு அது நின்றுவிடும். ஆல்பத் தயாரிப்பாளருக்கு முன்பணமும், அதன் பிறகு விற்பனையில் ஒரு பங்கும் கிடைக்கும். அந்தப் பங்கு பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு வரை பேசப்படுகிறது. முன்பணம் கழிந்த பிறகே அந்தப் பங்கு கைக்கு வரும் என்பதால், சரியாக விற்காத ஆல்பத்தில் முன்பணத்தைத் தவிர வேறு எதுவும் வராமலும் போகலாம்.

உண்மையான வேறுபாடு பாடல் எழுத்துரிமையில் இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாடலை ஒலிபரப்பினால் பாடலை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் பணம் செல்கிறது. பாடியவருக்கோ தயாரித்தவருக்கோ எதுவும் செல்வதில்லை. இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி போன்ற டிஜிட்டல் ஒலிபரப்புகளில் மட்டும் பாடகருக்குப் பங்கு உண்டு. அதிலிருந்து தயாரிப்பாளர் தம் பங்கைப் பெறும் வழியை 2018ஆம் ஆண்டின் இசை நவீனமயச் சட்டம் முறைப்படுத்தியது. மேடையில் ஒரு பாடல் பாடப்படும் ஒவ்வோர் இரவுக்கும் அதை எழுதியவர்களுக்கு உரிமத் தொகை உண்டு, அந்த மேடையில் அவர்கள் இல்லாவிட்டாலும்கூட. இந்த நோக்கில் பார்த்தால் லெனார்ட் எடுத்த மிக முக்கியமான முடிவு, மடோனாவுடன் பாடல் எழுதத் தொடங்கியதுதான். 'லா இஸ்லா போனிட்டா' பாடலின் இசையை அவர் கிட்டார் கலைஞர் புரூஸ் கெய்ட்ஷுடன் சேர்ந்து இயற்றினார். மைக்கேல் ஜாக்சன் அதை ஏற்காததால் மடோனாவிடம் வந்தது. அப்படிப்பட்ட பாடல் எங்கு பாடப்பட்டாலும் அதை எழுதியவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. லெனார்ட் எழுத்தில் பங்கு கொண்ட 'ஃப்ரோஸன்' 1998இல் வெளிவந்தபோது அவர் மடோனாவின் பயணங்களை இயக்குவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏற்கெனவே உள்ள பாடலுக்கு நீங்கள் எழுதும் புதிய இசைக்கோப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், பாடலின் உரிமையாளர் ஒப்புக்கொண்டால் ஒழிய அதில் உங்களுக்கு உரிமைப் பங்கு வராது. ஆகவே ஒத்திகையில் நீங்கள் வாசித்துக் காட்டிய ஒரு மெட்டிலிருந்து புதிய பாடல் பிறந்தால், ஒலிப்பதிவுக்குச் செல்லும் முன்பே யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி, பங்குள்ள அனைவரும் கையொப்பம் இட்டுவிடுவது முறை. பாடல் புகழ்பெற்ற பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குவது எல்லோருக்கும் கடினமாகிவிடும்.